கேட்கும், பேசாது

ஜூன் 4

அக்கா,

நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அப்பா பிரிக்காமலே கிழித்துப் போட்ட உன் உறையில் ஒரு துண்டு குப்பைக்கூடையில் கிடைத்தது. அதில் விடுதியின் பெயர் மட்டும் இருந்தது. தெருவின் பெயர் இருந்த துண்டை அம்மா உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். "நான் எதையும் பாக்கலை, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் அறைக்கும் பட்டறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதானே. அப்பா இன்னும் உள்ளேதான் இருக்கிறார். பேனா உரசுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கிற குரலெல்லாம் அவருக்குக் கேட்குமே.

நீ போன பிறகு உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. போன மாதம் புதிதாக வந்த ஒருவர், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். "ஒரே பொண்ணு. இதோ நிக்குதே" என்றார் அப்பா. நான் கையில் திருப்புளியோடு நின்றேன். அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் முக்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். அப்பா பழுது பார்த்து முடித்த வயர்லெஸ் செட்டுக்கு மூடி போட்டு, திருகாணிகளை முடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டு நகப்பூச்சு வைக்க வேண்டும். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கழலாது என்று நீ கண்டுபிடித்த வித்தைதான். உன் சிவப்புப் புட்டி காய்ந்துவிட்டது. இப்போது பச்சை. "பச்சையை எவடி நகத்துல பூசுவா, தவளையா?" என்று அம்மா கேட்டாள். வேலைக்குக் குறைவே இல்லை. ஆம்புலன்ஸ் வண்டிகளின் வயர்லெஸ் எல்லாம் இந்த வருடத்திலிருந்து நம் பட்டறைக்குத்தான் வருகின்றன. வாசலில் பெரிய பலகைகூட மாட்டியிருக்கிறார்.

மலைமேல் பெட்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டாக்சி கம்பெனியை மூடியபோது நீயும் அப்பாவும் தூக்கி வந்த அந்த இரண்டு பழைய செட்டுகள். ஒன்று காது, இன்னொன்று வாய் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். காது கேட்டதை வாய் உடனே உரக்கச் சொல்லும், அதனால் இந்தப் பக்கத்தில் பொழுதுபோக்குக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்களின் குட்டிச் செட்டுகூட மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்றாய். இப்போது சாயங்காலம் ஆனால் ஹாம் சங்கத்து ஆட்கள் எல்லோரும் அதில்தான். பல் டாக்டர் ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை. பகலெல்லாம் மற்றவர்கள் வாயைத் திறக்க வைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தன் வாயைத் திறக்கிறார்.

இதையெல்லாம் சொல்வதற்காக நான் எழுதவில்லை. அன்றைக்கு நீ சங்கத்து ஆட்கள் முன்னால் அப்பாவிடம் சொன்னாயே. "டாக்சிக்காரர் அரை நிமிஷம் பேசிட்டு வச்சிடுவாரு. அதுக்காகச் செஞ்ச செட்டுப்பா இது. இவங்க மணிக்கணக்கா பேசுறாங்க. பாதி சக்தியில ஓட்டுங்க, இல்லன்னா வாய் எரிஞ்சிடும்." பல் டாக்டர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "என் பெட்டியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? வெளிய போ" என்றார். நீ போயே போய்விட்டாய்.

நீ சொன்னது போலவே எரிந்தது. இரண்டு தடவை. பேச்சை வெளியே தள்ளுகிற அந்தச் சின்னக் கறுப்புப் பாகம், பவர் மாட்யூல், அதுதான் போனது. அது இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்று அப்பாவே சொல்வார். ஆனால் இரண்டு தடவையும் மறுநாளே பெட்டி பேச ஆரம்பித்துவிட்டது. "நல்ல பாகம் எங்கேருந்துப்பா கெடச்சுது?" என்று கேட்டேன். "போய்ப் படி" என்றார். திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

எங்கிருந்து கிடைக்கும் அக்கா? உனக்குத் தெரிந்தால் எழுது. கீழே இருப்பது என் தோழியின் வீட்டு முகவரி. வீட்டுக்கு மட்டும் எழுதிவிடாதே.

ஒரே பொண்ணு (அப்படித்தான் சொல்கிறார்கள்)


ஜூன் 11

சுண்டெலி,

விடுதிப் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். பாதியில் எழுந்து ஓட வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் என் கதை.

பயிற்சி முடிந்துவிட்டது. இப்போது நான் ஆம்புலன்ஸ் உதவியாளர். மலையடிவாரச் சாவடியில் ஒரு வண்டி, ஒரு டிரைவர் அண்ணன், நான். அவர் கொட்டாவி விட்டால் சைரன் தேவையில்லை. நல்ல மனிதர். இதை அம்மாவிடம் சொல்லலாம். அப்பாவிடம் வேண்டாம். கேட்கவும் மாட்டார்.

எங்கள் வண்டியின் வயர்லெஸ் போன மாதம் வழக்கமான சர்வீசுக்குப் போய் வந்தது. எந்தப் பட்டறைக்குப் போனது என்று நான் கேட்கவில்லை, அலுவலகம்தான் அனுப்பும். வந்ததிலிருந்து அதற்கு ஒரு நோய். கட்டுப்பாட்டு அறை பேசுவது எங்களுக்குக் கண்ணாடி மாதிரிக் கேட்கிறது. நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்பதில்லை. ஊருக்குள் இருந்தால் கேட்கும். முதல் வளைவு தாண்டினால் முடிந்தது, எங்கள் சாவடியே அதற்கு அந்தப் பக்கம்தான். நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம், அங்கே அந்த அம்மா பொறுமையாக, "மலையடிவாரம், இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

இரண்டு முறை புகார் எழுதினேன். "பட்டறையில சோதிச்சு அனுப்பினதும்மா, அங்க நல்லா வேலை செய்யுது. மலைன்னா அப்படித்தான்" என்றார்கள். நானும் மலையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதக் கடைசியில் கல்குவாரியில் ஒரு தொழிலாளியின் கால் பாறைக்கு அடியில் சிக்கிவிட்டது. எடுத்து வண்டியில் ஏற்றினோம். அறுவை மருத்துவரை வரவழைத்து வையுங்கள் என்று வழியெல்லாம் சொன்னேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் தாழ்வாரத்தில் ஒரு விளக்குதான் எரிந்தது. மருத்துவரை வீட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். அதற்குள் காலைக் காப்பாற்ற முடியாது என்றாகிவிட்டது. எடுத்துவிட்டார்கள். முட்டிக்கு மேலே. என்னைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவர் அவர். "நீங்க பேசிட்டேதான வந்தீங்க, நான் கேட்டேனே" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது ஓடியதைச் சொல்கிறேன். உன் கடிதத்தில் "பச்சை" என்று படித்ததும் எழுந்து வண்டிக்கு ஓடினேன். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். நான்கு திருகாணி. நான்கிலும் பச்சைப் பொட்டு.

உலகத்தில் வேறு யார் அப்படி வைப்பார்கள், சுண்டெலி? அந்த மூடியைப் போட்டது நீ. அதற்கு முன்னால் உள்ளே கை வைத்தது யார்? நான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நீ எதையும் தொடாதே. அவரிடம் கேட்காதே. பார்த்துக்கொண்டு மட்டும் இரு.

அக்கா


ஜூன் 17

அக்கா,

பார்த்துவிட்டேன்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகும் ரொம்ப நேரம் எழுத முடியாமல் படுத்திருந்தேன்.

முந்தாநாள் மழையில் மலைப்பெட்டி மறுபடி ஊமையாகிவிட்டது. நேற்றுக் காலையிலேயே பல் டாக்டர் வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன குருவே, மலை செத்துப்போச்சு? இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கடலோரத்துச் சங்கம் முழுக்க நம்ம பெட்டியிலதான் பேசப்போவுது. அவங்க முன்னாடி மானத்தை வாங்கிடாதீங்க." அப்பா சிரித்தார். "நாளைக்குப் பேசும் டாக்டர். என் பெட்டி என்னைக்காவது உங்களை ஏமாத்தியிருக்கா?" டாக்டர் போன பிறகும் அந்தச் சிரிப்பை முகத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மலைக்குப் போய் வாயைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

மேசைமேல் ஒரு ஆம்புலன்ஸ் செட் இருந்தது, மலைப்பெட்டியில் இருக்கிற அதே பழைய மாடல். அணைக்கட்டுச் சாவடி வண்டியுடையது. அதற்கு ஒரு குறையும் இல்லை, ஒலிக் குமிழ் கழன்றிருந்தது, அவ்வளவுதான். நான்தான் காலையில் அதைச் சக்தி அளக்கிற வாட் மீட்டரில் மாட்டிப் பார்த்தேன். முள் இருபத்தைந்தில் போய் நின்றது. முழு ஆரோக்கியம்.

சாயங்காலம் அப்பா, "நீ போய் முகம் கழுவிட்டு வா" என்றார். போகிற மாதிரிப் போய் என் அறைக்கு வந்து பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். அவர் அந்த நல்ல செட்டைத் திறந்தார். ஈயத்தை உருக்கி உறிஞ்சினார். கறுப்புப் பாகத்தை எடுத்தார். அவர் கை எவ்வளவு மென்மையாக வேலை செய்யும் என்று உனக்குத் தெரியும், முள் எடுக்கிற மாதிரி எடுத்தார். அதை மலைப்பெட்டியின் வாயில் வைத்துப் பற்றவைத்தார். மலைப்பெட்டியில் எரிந்துபோனதை எடுத்து ஆம்புலன்ஸ் செட்டுக்குள் வைத்தார். அதையும் அதே மென்மையோடுதான் வைத்தார் அக்கா.

பிறகு கூப்பிட்டார். "வாம்மா, மூடி போடு."

நான் போனேன். போட்டேன். திருகாணி முடுக்கினேன். பச்சைப் பொட்டு வைத்தேன். என் கை தானாகச் செய்தது. ஏன் செய்தாய் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு அப்பா கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டுச் சோதித்தார். அது இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது. பாதி எரிந்த பாகத்துக்கு அந்த அளவு உயிர் இருக்கும் போல. "நல்லா கேக்குதுங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அப்பா என்னைப் பார்த்து, "பாத்தியா, பேசுதுல்ல?" என்றார். எனக்காகச் சொன்ன மாதிரி இல்லை.

அப்படியென்றால் மூன்று வண்டி. உன்னுடையது ஒன்று, அணைக்கட்டு ஒன்று, இன்னொன்று எதுவென்று எனக்குத் தெரியாது.

அப்பா திருடர் இல்லை அக்கா. யாருக்கும் விற்கவில்லை. எடுத்ததையெல்லாம் மலைமேல்தான் வைத்தார். எல்லோரும் பேச வேண்டும் என்றுதான் வைத்தார். இதை எழுதும்போதே அந்தக் கால் நினைவுக்கு வருகிறது. நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல, பரிட்சை பயமாடி?" என்றாள். ஆமாம் என்றேன்.

அலுவலகத்தில் சொல்லிவிடாதே. ஜெயிலில் போட்டுவிடுவார்களா? சொல்லாமலும் இருக்காதே. நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே புரியவில்லை.

சுண்டெலி


ஜூன் 22

சுண்டெலி,

உன் கடிதம் வந்து ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. டிரைவர் அண்ணன், "என்னம்மா, வயர்லெஸ் மாதிரியே நீயும் ஆயிட்ட?" என்றார்.

மூன்று வண்டி. மழைக்காலம். அணைக்கட்டுச் சாலையில் மண் சரியத் தொடங்கிவிட்டது. அங்கே வழியில் ஒரு தொலைபேசிகூடக் கிடையாது. அந்த வண்டியில் இருக்கிறவர்களுக்குத் தங்கள் செட் ஊமை என்று இன்னும் தெரியாது. நீ இதைப் படிக்கும்போது தெரிந்திருக்கலாம்.

அதிகாரிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். என் பையில் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று என்மேல் எனக்கே கோபம். அந்தத் தொழிலாளியை நேற்றுப் போய்ப் பார்த்தேன். கட்டில் பக்கத்தில் அவருடைய இரண்டு செருப்பையும் ஜோடியாக வைத்திருந்தார்கள்.

முதலில் நீ அப்பாவிடம் சொல். உன்மேல் இதைப் போடுவது நியாயமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னால் அது பழைய சண்டையாகிவிடும். "அவ என்னைக் கவுக்கப் பாக்குறா" என்பார். நீ சொன்னால் கேட்க வாய்ப்பிருக்கிறது. மூன்று செட்டையும் திரும்ப வாங்கி, செய்ததை அவரே அலுவலகத்தில் சொல்லட்டும். சொன்னால் என் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும். என் வண்டி என்று சொல்லாதே. நான் எங்கே வேலை செய்கிறேன் என்றே சொல்லாதே. யாரோ ஒரு தொழிலாளியின் கால் போனது என்று சொல். யார் பெற்ற பிள்ளைகளோ அந்த வண்டிகளில் போகிறார்கள் என்று சொல். அதற்கு அவர் எழுந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். இதை மட்டும் எனக்காகச் செய்.

பயப்படாதே என்று எழுத நினைத்தேன். நானே பயந்துபோய்த்தான் இருக்கிறேன்.

அக்கா


ஜூன் 27

அக்கா,

நீ சொன்னபடி செய்யவில்லை. முதலில் செய்தேன். பிறகு முடியவில்லை.

அப்பா சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினேன். "அப்பா, அணைக்கட்டு வண்டி செட்டுல நீங்க மாத்தினதை நான் பாத்தேன்" என்றேன். அவ்வளவு நேரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த மற்ற எதுவும் வாயில் வரவில்லை.

"எதைப் பாத்த?"

"பவர் மாட்யூலை. எடுத்து மலைப்பெட்டிக்கு வச்சீங்க."

"பெரிய இன்ஜினீயர். சோதிச்சப்ப நீயும் பக்கத்துலதான நின்ன? பேசுச்சா இல்லையா?"

"ரெண்டு தெரு தள்ளிப் பேசுச்சு. மலையில பேசாதுப்பா."

"எவன் சொன்னான்?"

குவாரித் தொழிலாளியின் கதையைச் சொன்னேன். தோழியின் சித்தப்பா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார், அவர் சொன்னார் என்று பொய் சொன்னேன். முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னபோது அப்பா கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்தார். அக்கா, அந்த நேரம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

பிறகு அவர் சொன்னார். "பாவம்தான். ஆனா பாறை விழுந்தா கால் போகத்தான் செய்யும். வயர்லெஸ்ஸா காலை ஒட்டவைக்கும்?"

"மூணு வண்டிப்பா."

"எனக்கும் எண்ணத் தெரியும். ஞாயித்துக்கிழமை முடியட்டும். அடுத்த சர்வீசுக்கு வர்றப்ப ஒண்ணொண்ணா சரி பண்ணிடறேன்."

"எதை வச்சு சரி பண்ணுவீங்க? அதுதான் எங்கயும் கெடைக்காதே."

"போய்ப் படு" என்றார். முகத்தைப் பார்க்காமல்.

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. "என்னங்க இது, குழந்தை ஏதோ சொல்லுதே..." என்று ஆரம்பித்தாள். "உனக்குத் தெரியாத விஷயத்துல தலையிடாத" என்றார். சங்கத்து அலைவரிசையில் பல் டாக்டர் யாரிடமோ ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அப்பாவின் செட்டில் தெளிவாகக் கேட்டது. "நம்ம குரு இருக்கும்போது என்ன கவலை" என்றார். அப்பா ஒலியைக் கொஞ்சம் கூட்டினார்.

அந்தக் குமிழைத் திருப்பினாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அதுல ஒண்ணு அக்கா வண்டி" என்றேன்.

அவர் திரும்பினார். "எந்த அக்கா?"

"எனக்கு எத்தனை அக்கா இருக்காங்க? மலையடிவார வண்டியில அவதான் போறா. காலைப் பிடிச்சுக்கிட்டு வந்தது அவதான். வழியெல்லாம் கத்துனது அவதான்."

அதற்கு மேல் நடந்தது எல்லாம் ரொம்ப வேகம். நாற்காலி பின்னால் விழுந்தது. சட்டையைக்கூட மாற்றாமல், வண்டிச் சாவியையும் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கிவிட்டார். அம்மா குடையோடு பின்னால் ஓடினாள். பல் டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் அந்தச் செட் முன்னால் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று ஒரு வார்த்தையின் நடுவில் அவர் குரல் அறுந்தது. மலைமேல் அப்பா பெட்டியை அணைத்துவிட்டார்.

அம்மா அழுதாள், நல்லது நடந்துவிட்டது என்று. எனக்கு அழுகை வரவில்லை. அவர் எழுந்த வேகம் கண்ணிலேயே நிற்கிறது. அந்த வேகம் அவரிடம் இருந்திருக்கிறது அக்கா. அந்தத் தொழிலாளியின் காலைப் பற்றிச் சொன்னபோதும் அவரிடம் அது இருந்திருக்கிறது.

இன்னும் வீட்டுக்கு வரவில்லை. உன்னிடம்தான் வருவார்.

சுண்டெலி


ஜூன் 30

சுண்டெலி,

உன்மேல் கோபமில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வந்தார். விடியும்போது சாவடி வாசலில் ஒரு ஆள் நனைந்துபோய் நிற்பதைப் பார்த்து, நோயாளியின் உறவினர் என்று நினைத்து, "யாருக்கு என்னங்க?" என்று கேட்டேன். அப்பா. எவ்வளவு நாள் கழித்து முதலில் பேசியது அதுதான். கருவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே துணியில் சுற்றிய ஒரே ஒரு மாட்யூல்.

"மத்த ரெண்டு?" என்றேன்.

"மலைமேலயே எரிஞ்சு போச்சு. இதான் மிச்சம். வண்டியைத் திற, பத்து நிமிஷ வேலை."

"மூணு வண்டிப்பா. ஒண்ணை வச்சிருக்கீங்க."

"உன் வண்டிக்குத்தான் கொண்டாந்தேன்."

"என் வண்டிக்கு வேணாம். அணைக்கட்டு வண்டிக்குப் போடுங்க. அந்த ரோட்டுல ஒரு போன்கூடக் கெடையாது."

டிரைவர் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நம்ம வண்டிக்குத் தேடி வர்றதை நீ ஏன் தடுக்கிற? பெரியவர் போடட்டுமே!" என்றார். நியாயம்தான். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா அவரைப் பார்த்துக் கும்பிடாத குறையாகத் தலையாட்டினார். நான் வண்டிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. "மலையடிவாரம், மேல் தோட்டத்துல ஒரு பிரசவ கேஸ், ரத்தப்போக்கு. கெளம்புறீங்களா?" சாவடித் தொலைபேசி மழையில் செத்துக் கிடந்தது. மைக்கை எடுத்து, "கிளம்பிட்டோம்" என்றேன். "மலையடிவாரம், இருக்கீங்களா?" "கிளம்பிட்டோம், கேக்குதா?" "மலையடிவாரம், பதில் சொல்லுங்க. இல்லன்னா அணைக்கட்டு வண்டியை அனுப்பணும்."

எங்களுக்கு இது தினமும் நடப்பதுதான். அப்பா அதை இப்போதுதான் கேட்கிறார். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "கேக்குதும்மா! வண்டி இங்கதான் இருக்கு! கெளம்பிட்டாங்க!" என்று கத்தினார். பட்டறையில் வேலை செய்யும்போது அவ்வளவு மெதுவாகப் பேசுகிற மனிதர். "மலையடிவாரம், இருக்கீங்களா?" என்றாள் அவள். அவர் மறுபடி கத்தினார். மறுபடியும் அதே கேள்வி. அவர் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். தாய் பிழைத்துவிட்டாள். குழந்தையும். திரும்பி வந்தபோது சாவடியில் அவர் இல்லை. அணைக்கட்டு வண்டிக்காரர்கள் சாயங்காலம் சொன்னார்கள், ஒரு பெரியவர் வந்து, செட்டைத் திறந்து எதையோ மாற்றிவிட்டுப் போனார் என்று. அதன் பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. அவர் வீட்டுக்கு வந்தாரா? அலுவலகத்தில் சொன்னாரா? எழுது.

அக்கா


ஜூலை 6

அக்கா,

சொல்லிவிட்டார். உன் கடிதத்தைக் கிழித்துவிடு.

அணைக்கட்டிலிருந்து நேரே கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். உடம்பெல்லாம் சேறு. காவலாளி உள்ளே விடவில்லையாம், அதிகாரி வரும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறார். தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு செட் இரவல் வாங்கி உன் வண்டிக்கும், மூன்றாவது வண்டிக்கும் மாட்டப்போகிறார்களாம். இதற்குள் வந்திருக்கும். வாசல் பலகையை ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் விசாரணை. வழக்குப் போடுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா வருகிற ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்க்கிறாள்.

பல் டாக்டர் வந்தார். "என்ன குருவே, ஞாயித்துக்கிழமை எங்களைக் கோமாளியாக்கிட்டீங்க? கடலோரத்துக்காரங்க சிரிக்கிறாங்க" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டார். அப்பா உள்ளே கூப்பிடவில்லை. தெருவில் போகிறவர்கள் கேட்க, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். எந்தப் பாகத்தை எந்த வண்டியிலிருந்து எடுத்தார், யாருடைய கால் போனது, எல்லாம். டாக்டர் வாயைத் திறந்தபடியே நின்றார். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். அவர் பேசாமல் போனதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். சிரிப்பு வரவில்லை.

நேற்று அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார், அந்தத் தொழிலாளியைப் பார்க்க. என்ன பேசினார் என்று சொல்லவில்லை. வந்ததிலிருந்து பட்டறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

உனக்கு எழுதுவது இப்போது அவருக்குத் தெரியும். "எழுதறதா இருந்தா மேசையில உக்காந்து எழுது, கண்ணு கெட்டுடும்" என்றுகூடச் சொன்னார். ஆனாலும் இதைப் போர்வைக்குள்தான் எழுதுகிறேன். இதை அவர் பார்க்கக் கூடாது.

சாயங்காலம் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். எடுக்கவில்லை. திரும்பி வரும்போது கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. அது அவ வண்டின்னு நீ சொல்லியிருக்காட்டி, நான் போயிருப்பேனா?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. இத்தனை நாளாகப் பார்க்காத முகத்தை இப்போது பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணுக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் போயிருப்பீங்கப்பா" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

நீ வீட்டுக்கு வரும்போது வா. எதை வேண்டுமானாலும் கேள். இந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் கேட்டுவிடாதே. உன்னிடம் எனக்குப் பொய் சொல்ல வராது.

சுண்டெலி